46 வயது, உட்கார்ந்த வேலை: சோற்றைக் குறைப்பதா, எடை தூக்குவதா?

ஐந்துரோடு_ஆடிட்டர்

வணக்கம். வயது 46, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை 68 கிலோ. பார்க்கிறவர்கள் "உனக்கென்னப்பா, ஒல்லியாத்தானே இருக்கே" என்பார்கள். சட்டையை இன் பண்ணினால்தான் தொப்பை தெரியும். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டரை. செப்டம்பர் மாதம் வந்துவிட்டால் அதற்கும் கணக்கில்லை.

மாஸ்டர் செக்கப்பில் எச்பிஏ1சி என்கிற ரத்தச் சர்க்கரை அளவு 6.1 வந்திருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசல்படியில் நிற்கிறேன் என்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "சோற்றைக் குறைங்க, நடங்க" என்றார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபீஸில் ஒருவர் மாவுச்சத்தே கூடாது என்கிறார். வீட்டம்மா சாமை வாங்கி வைத்தாகிவிட்டது. மச்சான் ஜிம்முக்கு வா என்கிறான்.

எனக்குக் கிடைப்பது வாரத்தில் இரண்டு காலைகள். அதை எதில் போடுவது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது, கணக்கு யாரும் சொல்லவில்லை.

ரயில்வே_நைட்ஷிப்ட்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன் சார். சோறு, இட்லி, தோசை மூன்றுக்கும் ஒரு கும்பிடு போடுங்கள். நான் போட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறு தின்ற ஆள் நான். முட்டை, கடலை, காய் என்று மாறியதும் சர்க்கரையும் இறங்கியது, எடையும் இறங்கியது. ஜிம்மெல்லாம் வாலிபப் பையன்கள் கண்ணாடி பார்க்கிற இடம். நம்ம வயசுக்கு எதற்கு?

பிசியோ_அழகாபுரம்

ரயில்வே அண்ணா, ராத்திரி ரெண்டு மணிப் புளிச்சோற்றை விட்டது ரொம்பச் சரி. அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிட மட்டம். ஆனால் ஆடிட்டர் சாருக்குப் பகல் வேலை, அவர் விஷயம் வேறு.

சார், உங்களைப் போன்றவர்களைப் பற்றியே 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யூட்கின், இரண்டு பேர் படமும் அருகருகே. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒன்று என்றுதான் சொல்லும். நம் ஊர் ஒல்லி பல சமயம் தசை குறைந்த ஒல்லி.

இதற்கும் உங்கள் 6.1-க்கும் என்ன சம்பந்தம் என்றால், சாப்பிட்ட மாவுச்சத்து குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறியதும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் நிற்கும். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் தசை ஒரு கிடங்கு. வயதோடு கிடங்கு சிறுக்கிறது: முப்பதைத் தாண்டினால் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை போகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. நாள் முழுக்க நாற்காலியில் இருந்தால் இருக்கிற சரக்கும் வெளியே போவதில்லை. மத்தியானம் புது லோடு வந்து வாசலில் நிற்கும். அதைத்தான் ரத்தச் சர்க்கரை என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள்.

எடை தூக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. தசை சுருங்கி விரிகிறபோது, இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே வாங்குகிறது. அது அன்றைக்கே கிடைக்கிற பலன், ஓரிரு நாள் நீடிக்கும். இரண்டாவது, மாதங்கள் போகப் போகக் கிடங்கே பெரிதாகிறது. நடைப்பயிற்சியில் முதலாவது நன்றாகக் கிடைக்கும், இரண்டாவது அவ்வளவாகக் கிடைக்காது.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். கை இல்லாத நாற்காலி, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். எத்தனை வினாடி என்று பாருங்கள். தசைநலிவு பற்றிய ஆசிய மருத்துவர் குழு 2019-ல் வைத்த கோடு 12 வினாடி. அதைத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். அது முதியவர்களுக்காகப் போட்ட கோடு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்துரோடு_ஆடிட்டர்

என் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, எழுந்ததும் அது பின்னால் ஓடிவிட்டது. கிளையண்ட் உட்காருகிற நாற்காலியில் செய்தேன். 13 வினாடி. ஆர்ட்டிகிள்ஷிப் பையன் 7 வினாடியில் முடித்துவிட்டு "அவ்ளோதானா சார்?" என்கிறான்.

முதியவர் கோட்டையே நான் தாண்டிவிட்டேன் என்று புரிகிறது. மேலே சொல்லுங்கள்.

நாகலூர்_தோட்டம்

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு கொண்டை ஊசி வளைவுகளில் நடந்து ஏறுகிற கூட்டத்தைப் பார்க்கிறேன். இருபது வளைவையும் முடிப்பவர் குறைவு. பாதியில் செல்பி, அப்புறம் ஒரு வண்டியைப் பிடித்து மேலே வந்து மிளகாய் பஜ்ஜி. ஏறி வாங்கிய பலனை அந்தப் பஜ்ஜியில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்லவில்லை, பஜ்ஜிக் கடைக்காரருக்கும் பிழைப்பு வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு விதமான ஆட்கள். காபிப் பழ மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறுகிற பெண்கள் ஒரு பக்கம். அவர்கள் தட்டில் சோறு மலை மாதிரி இருக்கும், கூட ஒரு கீரை, என்றைக்காவது கருவாடு. இன்னொரு பக்கம் பைக்கில் சுற்றி மேற்பார்வை பார்க்கிற என்னைப் போன்றவர்கள், கணக்கெழுதுகிறவர்கள், டிரைவர்கள். சர்க்கரை மாத்திரைப் பை யாரிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சோறு இரண்டு பேருக்கும் ஒரே அரிசிதான்.

ஒன்று மட்டும் பெரியவர்கள் சொல்வார்கள். மலைக் கிராமங்களில் முன்னாடி சாமை, கேழ்வரகுக் களி, தினைதான் அன்றாடம். ரேஷனில் அரிசி மலிந்ததும், 2011-லிருந்து இலவசமே ஆனதும், சாமை விதைக்கிற காடு குறைந்துபோனது. இப்போது அதே சாமையைக் கீழே சேலத்தில் ஆர்கானிக் கடையில் அழகான பையில் விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் எங்கள் ஊர்க் கிழவிகள் சிரிக்கிறார்கள்.

இரும்பு_தம்பி

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஜிம்மில் டிரெய்னரா இருக்கேன். ரயில்வே அண்ணா, கண்ணாடி பார்க்கிற கூட்டம் சாயந்திரம் ஆறு மணிக்கு மேலதான். காலை அஞ்சரைக்கு வந்து பாருங்க, வக்கீல், பேங்க் மேனேஜர், வெள்ளிக்கடை முதலாளி எல்லாம் நாற்பது தாண்டினவங்க.

ஆடிட்டர் சார், வாரம் ரெண்டு நாள் தாராளமாப் போதும். உலக சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்கு வாரம் ரெண்டு நாளாவது தசை வலுப்பயிற்சின்னுதான் சொல்லியிருக்கு. நாற்பது நிமிஷம். ஒரு நாள் கை, ஒரு நாள் கால்னு பிரிக்கிறது தினமும் வர்ற பசங்களுக்கு. ரெண்டே நாள் வர்றவங்க ரெண்டு நாளும் முழு உடம்பையும் செய்யணும். உட்கார்ந்து எழுறது, தரையிலிருந்து தூக்குறது, தள்ளுறது, இழுக்குறது, கையில பிடிச்சுட்டு நடக்குறது. அவ்வளவுதான் மனுஷ உடம்புக்குத் தேவை. ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு செட், செட்டுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. கடைசி ரெண்டு முறை முகம் கோணணும், முதுகு கோணக் கூடாது.

நம்ம ஆளுங்க பண்றது என்னன்னா, முதல் நாள் கொடுத்த அஞ்சு கிலோ டம்பெல்லயே ஒரு வருஷம் ஓட்டுவாங்க. எடை ஏறலன்னா உடம்புக்கு மாற வேண்டிய அவசியமே இல்ல. ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. கணக்கு எழுதுறது உங்களுக்குச் சொல்லியா தரணும்.

ரயில்வே_நைட்ஷிப்ட்

தம்பி, ஒத்துக்கொள்கிறேன், காலை அஞ்சரைக்கு நான் டூட்டியில் இருப்பேன், பார்த்ததில்லை. ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. நாற்பத்தாறில் ஆரம்பித்து எத்தனை தசை வந்துவிடப் போகிறது?

இன்னொன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) சர்க்கரை நோய் ஆய்வான இன்டியாப் (INDIAB) 2025-ல் என்ன சொன்னது? இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதே ஆய்வுக்குழுதான் 2023-ல் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், 13 கோடிக்கு மேல் அதற்கு முந்தின நிலை என்று சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரியாதா?

பிசியோ_அழகாபுரம்

முதல் கேள்விக்குப் பதில். 1990-ல் அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். சராசரி வயது 90. எட்டு வாரத்தில் காலின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறுக்கு முடிந்தது நாற்பத்தாறுக்கு முடியாதா அண்ணா? ஆரம்ப வாரங்களில் கூடுகிற வலுவில் பெரும்பகுதி நரம்பு பழகுவதால் வருவது, தசையின் அளவு பின்னால் மெதுவாகத்தான் கூடும். அதனால் ஒரு மாதத்தில் டேப் வைத்து அளந்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

இறங்கின எடை பற்றியும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால் இறங்குவதில் கால்வாசி வரை கொழுப்பல்லாத பகுதியாக இருக்கலாம், அதில் தசையும் அடக்கம். பெட்டியைத் தூக்கி மேல் பெர்த்தில் வைக்கிறபோது இப்போது எப்படி இருக்கிறது, முன்னால் எப்படி இருந்தது? பதில் எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அஸ்தம்பட்டி_எம்டி

பொது மருத்துவர். படித்துக்கொண்டே இருந்தேன், 62 சதவீதம் வந்ததால் உள்ளே வருகிறேன்.

ரயில்வே நண்பர் சொன்ன எண் சரி. ஆனால் அந்த ஆய்வு சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு வகை, பால் பொருள், முட்டை, மீன் போன்ற புரதத்துக்கு மாற்றினால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவாக இருப்பதோடு பொருந்துகிறது என்று சொன்னது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 5 சதவீதம் என்றால் 100 கலோரி, 25 கிராம் மாவுச்சத்து. ஒரு பெரிய கரண்டிச் சோறுகூட முழுதாக இல்லை.

சாமைக் கட்சிக்கும் அதில் செய்தி உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று ஆளை மட்டும் மாற்றினால் பலன் தெரியவில்லை. சாமையிலும் நூறு கிராமுக்கு அறுபத்தைந்து கிராம் சுமாருக்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல், அது நல்லது. ஆனால் ஒரு தட்டுச் சோறு தின்கிற இடத்தில் ஒன்றரைத் தட்டு சாமைப் பொங்கல் தின்றால் வீட்டம்மா வாங்கி வைத்ததற்குப் பலன் இல்லை. கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் அதுவும் சர்க்கரையை விறுவிறுவென்று ஏற்றும். களியாக, கீரையோடும் பருப்போடும் சாப்பிடுவது வேறு.

குகை_டீச்சர்

வணக்கம். அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 51. இங்கே எல்லாம் ஆடிட்டர் சாரைச் சுற்றியே போகிறது, பெண்கள் பக்கமும் கொஞ்சம் திரும்புங்கள். மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 1.8, அதாவது எலும்பு அடர்த்தி இயல்பைவிடக் குறைவு. கால்சியம் மாத்திரை கொடுத்து, "கனமா எதையும் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் சிலிண்டரை நகர்த்துவது யார்? நான்தான். கனமில்லாத வேலை எந்த வீட்டில் இருக்கிறது?

காலையில் நாலரைக்கு எழுந்தால் ஏழரைக்கு பஸ். ஜிம்முக்கு நேரம் கிடையாது. கிடைத்தாலும் எங்கள் தெருவில் இருக்கிற ஜிம்முக்குள் போக எனக்கு மனசு வராது, பழைய மாணவர்கள் பாதிப் பேர் அங்கேதான்.

பிசியோ_அழகாபுரம்

டீச்சர், வாங்க. எலும்பு முறிந்தவர்கள், முதுகெலும்பு நொறுங்கியவர்கள் வேறு கதை. உங்கள் மாதிரி நிலைக்கு "தூக்காதீங்க" என்பது பழைய பயம்.

ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் லிஃப்ட்மோர் என்று ஒரு ஆய்வு செய்தார்கள், 2018-ல் இதழில் அச்சானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த, 58 வயதுக்கு மேற்பட்ட பெண்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நிஜமாகவே கனமான எடை, எட்டு மாதம். அவர்களுடைய இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த இன்னொரு குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வகுப்பிலும் பயிற்சி தெரிந்தவர் பக்கத்தில் நின்றார், முதல் மாதம் முழுக்க லேசான எடையில் முறை பழக்கினார்கள். யூடியூப் பார்த்துவிட்டு நேராகச் சிலிண்டரைத் தூக்கச் சொல்லவில்லை.

வீட்டிலேயே ஆரம்பிக்க இப்படிச் செய்யுங்கள். துணிப்பையில் ஐந்து கிலோ அரிசி. இரண்டு கையாலும் பையின் காதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு நேராக இருக்க, முழங்கால் லேசாக மடங்க, பையைத் தரை வரை இறக்கி ஏற்றுங்கள். கோலம் போடக் குனிகிற மாதிரி முதுகு வளையக் கூடாது, பின்புறத்தால் கதவைத் தள்ளுகிற நினைப்போடு செய்தால் சரியாக வரும். தொடையின் பின்பக்கம் இழுத்தால் சரி, இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் சுருக்கென்றால் நிறுத்துங்கள். பத்து முறை சுலபமாக வந்தால் ஏழு கிலோ, அப்புறம் பத்து. சுவரில் கை வைத்துத் தண்டால், பிறகு சமையல் மேடையில், பிறகு தரையில். இழுப்பதற்கு ரப்பர் பேண்ட் ஒன்று வாங்கி ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். சேலை இடைஞ்சல், சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்துரோடு_ஆடிட்டர்

எங்கள் வீட்டில் அரிசி 26 கிலோ சிப்பமாக வருகிறது. (25 வரை பாக்கெட் போட்டால் ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் இல்லை. ஒரு கிலோ அதிகம் கொடுப்பது தாராள மனசால் இல்லை. தொழில் புத்தி, மன்னிக்கவும்.) அதை நேற்று தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது. இறக்கி வைக்கும்போதுதான் வித்தை தெரிந்தது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். என் நாள் இது. காலை நாலு இட்லி, சாம்பார், சட்னி, காபி. மத்தியானம் ஆபீஸ் பக்கத்து மெஸ்ஸில் மீல்ஸ். சாயந்திரம் தட்டுவடை செட், டீ. இரவு மூன்று தோசை. இதில் எங்கே கை வைப்பது?

இரும்பு_தம்பி

சார், புரதத்தைக் கூட்டிப் பார்ப்போம், தோராயமாத்தான். நாலு இட்லி 8 கிராம், சாம்பாரும் காபியும் சேர்த்து 5. மத்தியானம் மூணு கப் சோறு 12, சாம்பார், பொரியல், மோர் எல்லாம் சேர்த்து 9 அல்லது 10. சாயந்திரம் 4. ராத்திரி 10. மொத்தம் ஐம்பதைத் தொடவே மூச்சு வாங்குது.

ஐசிஎம்ஆர் கணக்குப்படி உடம்பு எடைல கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்கு 56. அது சும்மா இருக்கிற உடம்புக்கு. எடை தூக்குறவங்களுக்கு கிலோவுக்கு 1.2 பக்கம் வேணும், 80 கிராம். அதோட உங்க ஐம்பதுல பாதி அரிசிலருந்து வர்றது. அரிசில லைசின்ங்கிற புரதக் கூறு கம்மி, பருப்பு சேரும்போதுதான் அது நிறையும்.

காலையில ரெண்டு முட்டை சேர்த்தா 12. சாயந்திரம் தட்டுவடைக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல்னா 14. ராத்திரி ஒரு தோசையைக் குறைச்சு ஐம்பது கிராம் பன்னீர் போட்டா 9. முட்டை ஆகாதுன்னா சோயா உருண்டை இருக்கு, காய்ந்த எடைல நூறு கிராமுக்கு ஐம்பது கிராம் புரதம், அதைவிட மலிவா எதுவும் இல்ல. புரதப் பவுடர் டப்பா அப்புறம் பார்த்துக்கலாம். நான் வேலை பார்க்கிற ஜிம்லயே பவுடர் விக்கிறாங்க, இருந்தும் சொல்றேன்.

நாகலூர்_தோட்டம்

தம்பி, தட்டுவடை செட்டைத் தொடுகிறீர்களே, சேலத்துக்காரர் என்றுதானே சொன்னீர்கள்? சாயந்திரம் அந்த வண்டிக் கடையில் நின்று தட்டைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் ரெண்டு சட்னியும் வைத்து ஒருத்தர் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்கிறவன் சேலத்தில் பிறந்திருக்க மாட்டான். நடுவில் இருப்பது காய்தானே!

இரும்பு_தம்பி

நடுவுல காய், மேலயும் கீழயும் எண்ணெய்ல பொரிச்ச அரிசி மாவு ண்ணா. நானும் சாப்பிடுவேன். சனிக்கிழமை.

அஸ்தம்பட்டி_எம்டி

மெஸ் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரச்சினையின் பெரும்பங்கு அந்த இலையில்தான். சாம்பாருக்கு ஒரு முறை, வத்தக்குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு, மோருக்கு என்று நாலு தடவை சோறு விழுகிறது. கூட்டுக் கிண்ணம் கட்டை விரல் அளவு. உட்கார்ந்ததும் கூட்டும் பொரியலும் கூடுதலாக வாங்குங்கள், காசு கொடுத்தாவது. அதை முதலில் முடியுங்கள். அப்புறம் சோறு, இரண்டு தடவையோடு நிறுத்தம். காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் தணிகிறது என்று சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டு எழுந்ததும் பத்து நிமிடம் நடை. மெஸ்ஸிலிருந்து ஆபீஸுக்குச் சுற்று வழியாக வந்தால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

மாவுச்சத்தின் தரம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் செவிலியர்கள் நாற்பத்தேழாயிரம் பேரை 1984-லிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வு 2025-ல் வந்தது. நடு வயதில் முழுத்தானியம், பயறு, காய், பழம் வழியாக மாவுச்சத்தும் நார்ச்சத்தும் அதிகம் எடுத்தவர்கள் பெரிய நோயின்றி, நினைவும் நடமாட்டமும் கெடாமல் முதுமைக்கு வருவது அதிகம். தீட்டிய மாவு அதிகம் எடுத்தவர்களுக்கு அது குறைவு.

ரயில்வே_நைட்ஷிப்ட்

டாக்டர், அமெரிக்க நர்ஸ்கள் சாப்பிடுகிற ஓட்ஸை வைத்து என் தட்டைத் தீர்மானிக்கலாமா? நினைவில் வைத்து எழுதிக் கொடுத்த படிவம்தானே அது?

அஸ்தம்பட்டி_எம்டி

கேட்க வேண்டிய கேள்வி. அது காரணத்தை நிரூபிக்கிற ஆய்வு இல்லை, பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள், படிவம் நிரப்பிச் சொன்ன உணவு. அதை மட்டும் வைத்து நான் யாருக்கும் மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். ஆனால் உங்கள் தட்டில் இப்போது இருப்பது என்ன? காய்கறி, கடலை. நீங்கள் மாவுச்சத்தை விடவில்லை, மட்டமான மாவுச்சத்தை விட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வேலை செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ரயில்வே_நைட்ஷிப்ட்

வாதத்தில் என்னையே உங்கள் சாட்சியாக்கிவிட்டீர்கள். இருக்கட்டும். பெர்த் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லிக்கொண்டேன்.

குகை_டீச்சர்

டாக்டர், விரத நாட்களில் ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுகிறோம், லேசான உணவு என்று. புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர்ப் பண்டம், விட மனசில்லை. அப்புறம் பழைய சோறு நல்லது என்கிறார்களே? மாம்பழ சீசன் வேறு வருகிறது.

அஸ்தம்பட்டி_எம்டி

ஜவ்வரிசி மரவள்ளியின் மாவுச்சத்தைப் பிரித்தெடுத்துச் செய்வது. புரதமும் நாரும் பேருக்குக்கூட இல்லை. வயிற்றுக்கு லேசு, சர்க்கரைக்கு லேசு இல்லை. நிலக்கடலையை நிறையப் போட்டு, அளவாகச் சாப்பிடுங்கள். பழைய சோற்றில் ஆறின மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுவது உண்மை, பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். மாம்பழம் சாப்பாட்டுக்கு மேல் சேர்த்துச் சாப்பிடாமல், சாயந்திரம் தனியாக, பாதி. மல்கோவாவில் பாதி என்றாலும் அது பெரிய பாதிதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், உங்கள் எச்பிஏ1சி பார்த்தால் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். பெண்களில் இதை யாரும் கவனிப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே தொடங்கப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் எடை தூக்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு முற்றியவர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்கவே கூடாது, முதலில் கண் மருத்துவர். ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் அப்படியே. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன 80 கிராம் புரதக் கணக்கு பொருந்தாது. மருந்து அளவை இங்கே கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஐந்துரோடு_ஆடிட்டர்

செவ்வாய், வெள்ளி காலை என்று முடிவு செய்துவிட்டேன். செவ்வாய் ஜிம், தம்பி சொன்ன முறையைப் பழக. வெள்ளிக்கிழமை வீட்டில். எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்று லேபில் சொன்னார்கள், அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் பார்ப்பேன். சாமை வாரம் மூன்று நாள், சோற்றின் இடத்தில், சோற்றோடு சேர்த்து இல்லை. சமாதான உடன்படிக்கை.

வீட்டுக்கு டம்பெல் வாங்கப் போனால் பத்து கிலோ ஜோடிக்கு ஆன்லைனில் சொல்கிற விலை அநியாயம். அரிசிச் சிப்பத்தைத் தினமும் தூக்கினால் வீட்டில் திட்டு விழும். வேறு வழி உண்டா?

நாகலூர்_தோட்டம்

மின்னணுத் தராசு வந்த பிறகு வியாபாரிகள் பழைய எடைக்கற்களை மூலையில் போட்டுவிட்டார்கள். எங்கள் தோட்டத்துக் குடோனில் பத்து கிலோ, இருபது கிலோ கல் துருப்பிடித்துக் கிடக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் விசாரியுங்கள், எடைக்கு விலை போட்டுக் கொடுப்பார்கள்.

இரும்பு_தம்பி

நல்ல யோசனை ண்ணா. சார், மேல கைப்பிடி இருக்கிற கல்லாப் பாருங்க, நாலு விரலும் உள்ள போகணும். பிடி ஆடுதான்னு குலுக்கிப் பார்த்து வாங்குங்க. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்ச்சு, பிடியில சைக்கிள் டியூப் சுத்திக்கோங்க. ஒரே எடையில ரெண்டு கிடைச்சா ரெண்டையும் எடுத்துடுங்க, கையில பிடிச்சு மொட்டை மாடியில நடக்க ஆகும்.